இருநூற்றுப் பதினொன்றாவது படிவம்

எங்கள் பள்ளியில் அவருக்கு அரை மார்க் டீச்சர் என்று பெயர். யார் வைத்த பெயரோ தெரியாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நான் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோதே அது பழைய பெயராக இருந்தது. வாக்கியம் முடிந்த இடத்தில் புள்ளி வைக்காவிட்டால் அரை மார்க் போகும். பெரிய எழுத்தில் தொடங்கவேண்டியதைச் சின்ன எழுத்தில் தொடங்கினால் இன்னொரு அரை. ஆறு மார்க் கட்டுரைக்கு ஒருத்தன் மைனஸ் இரண்டரை வாங்கினான் என்று பிள்ளைகள் வழிவழியாகச் சொல்லி வருவார்கள். சுத்தப் பொய். பூஜ்யத்துக்குக் கீழே அவர் போனதே இல்லை, நான் கேட்டே தெரிந்துகொண்டிருக்கிறேன்.

ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் அவர்தான் இங்கிலீஷ். ஆள் ஒல்லி, நடை வேகம், கைப்பையில் எப்போதும் இரண்டு சிவப்புப் பேனா. ஒன்றில் மை தீர்ந்தால் உலகம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்று. ஆபீஸ் வாசலில் நான் ஒட்டும் அறிவிப்பைக்கூட நின்று படித்து, பேனாவை எடுத்து ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் போவார். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு, அவர் வருவதற்கு முன்னால் நானே ஒருமுறை படித்துப் பார்க்கப் பழகிவிட்டேன். எனக்கு இங்கிலீஷ் வராது, டைப் மட்டும் வரும். இத்தனை வருஷமாக ஒரு வார்த்தையும் புரியாமல் தப்பில்லாமல் இங்கிலீஷ் கடிதம் அடித்துக்கொண்டிருப்பவள் நான். அதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தேன்.

அந்த அரை மார்க்குக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. விடைத்தாள் கட்டுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவரே சொன்னார். ஆசிரியர் பயிற்சிக்கு அவர் முதல் தடவை பரீட்சை எழுதியபோது கடைசி சீட் அரை மார்க்கில் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. விடைத்தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தால், ஒரே ஒரு வாக்கியத்தின் முடிவில் புள்ளி இல்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் பார்சல் சீட்டு எழுதினாராம். "ஒரு புள்ளி எனக்கு ரெண்டு வருஷம்மா" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அவரைக் கல்நெஞ்சக்காரி என்று பேசியவர்களுக்கு இது தெரியாது. தனக்கு நடந்தது இந்தப் பிள்ளைகளுக்கு நடக்கக் கூடாது என்றுதான் அவர் வெட்டினார்.

வீட்டில் கதையே வேறு. அவருடைய வீட்டுக்காரர் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி மருந்துக் கடை வைத்திருக்கிறார். இங்கிலீஷில் அவர் வாங்கிய மார்க்கைச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை. ஆனால் நாள் முழுக்க மருந்துக் கம்பெனிக்காரர்களோடு போனில் இங்கிலீஷ்தான். வினைச்சொல் இருக்காது, காலம் இருக்காது, இருந்தாலும் சரக்கு மட்டும் சொன்ன நாளில் வந்து இறங்கும். அதே கடையில் போன் அடித்தால் டீச்சர் எடுக்க மாட்டார். எம்.ஏ. படித்தவர், இருபத்தாறு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர், அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருப்பார். வாய் திறந்தால் தப்பு வந்துவிடுமோ என்ற பயம். இதை ஊரில் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவர், அவருடைய வீட்டுக்காரர், நான்.

போன வருஷம் இந்த விவகாரம் ஆரம்பித்தது. எங்கள் பள்ளியில் இங்கிலீஷில் முதல் மதிப்பெண் வாங்கிப் போன ஒரு பெண், வேலைக்கு நேர்முகம் போன இடத்தில் மூன்று கேள்விக்கு வாயே திறக்கவில்லையாம். அவளுடைய அப்பா நேராகத் தாளாளரிடம் வந்து, "தொண்ணூத்தெட்டு மார்க் வாங்கின பொண்ணு சார், பேரைக் கேட்டா அழுதிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே ஒரு கம்பெனி ஆள் லேப்டாப்போடு வந்து இறங்கினார். வகுப்புக்கு இருபது திரை, இருபது ஹெட்போன், பிள்ளைகள் தாங்களாகவே கேட்டுத் தாங்களாகவே பேசிக்கொள்வார்களாம். டீச்சர் என்று ஒருவர் தேவையே இல்லை என்பதைப் பதமாகச் சொன்னார்.

தாளாளர் கெட்டவர் இல்லை. எதையும் எழுத்தில் கேட்பார், எழுத்தில் இருந்தால் நம்புவார். டீச்சரைக் கூப்பிட்டு, இங்கிலீஷ் பாடத்தை முதலிலிருந்து மாற்றிப் போட ஆறு வாரம் தந்தார். முதலில் பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று முறையாகக் கண்டுபிடிக்க வேண்டும், அதன்படி திட்டம் போட வேண்டும், கமிட்டி முன்னால் வைக்க வேண்டும். கமிட்டிக்குப் பிடிக்காவிட்டால் திரை வரும், டீச்சர் ஆறாம் வகுப்புக்குப் போவார். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கிறது. அந்த மூன்று வருஷமும் ஏ, பி, சி, டி.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மறுநாளே வேலையில் இறங்கிவிட்டார். பழைய மாணவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனார். கூரியர் கவுண்டர், ஆஸ்பத்திரி வரவேற்பு மேசை, ஒரு ஓட்டலின் சரக்கறை. ஒரு நாளில் எதை இங்கிலீஷில் படிக்கிறார்கள், எதை எழுதுகிறார்கள், யாரிடம் எத்தனை வாக்கியம் பேசுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டு வந்தார். பிறகு இப்போது படிக்கும் பிள்ளைகளுக்காக இருபத்திரண்டு கேள்வி தயாரித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதிய கேள்விகள். 'கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களுள் எதில் நீங்கள் பின்தங்கியுள்ளதாக உணர்கிறீர்கள்?' என்கிற மாதிரி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை என் மேசையில் வைத்துவிட்டு, மேலே ஒரு துண்டுச் சீட்டும் குத்திவிட்டுப் போனார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வேறு பள்ளியில் அவருக்குப் பேப்பர் திருத்தும் வேலை.

இப்போது என் பங்கு. பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை எனக்குத் தலைக்கு மேல் வேலை. அவருடைய தாள்கள் ஒரு ரெஜிஸ்டருக்கு அடியில் போய்விட்டன, குண்டூசி கழன்று சீட்டு மட்டும் மேலே இருந்தது. அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'தேவைப் படிவம். பிரிவு: ஆங்கிலம். 9, 10, 11 வகுப்புகள். 211 பிரதி.' ஆபீசில் தேவைப் படிவம் என்றால் ஒன்றுதான். சாக்பீஸ் வேண்டும், டியூப்லைட் வேண்டும், துடைப்பம் வேண்டும் என்று ஒவ்வொரு பிரிவும் எழுதிக் கொடுக்கிற படிவம். பொருள், எண்ணிக்கை, எதற்காக, எப்போது தேவை, கடைசியில் பெற்றுக்கொண்டவர் கையொப்பம். பெயர் எழுத இடமே கிடையாது. எதற்கு இருநூற்றுப் பதினொன்று என்று ஒரு நொடி யோசித்தேன். டீச்சர் சொன்னால் காரணம் இருக்கும் என்று பிரிண்ட் போட்டு, எண்ணி, வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். வகுப்பாசிரியர்களும் கேள்வி கேட்கவில்லை. இங்கிலீஷுக்கு என்ன வேண்டுமோ எழுதுங்கள் என்று அரை மணி நேரம் கொடுத்து, வாங்கி, என்னிடம் திருப்பி அனுப்பினார்கள். இருநூற்றுப் பதினொன்றும் வந்தன.

புதன்கிழமை காலை டீச்சர் வந்து கட்டைப் பிரித்தபோதுதான் எனக்கு ரெஜிஸ்டருக்கு அடியில் இருந்ததைப் பற்றி ஞாபகம் வந்தது. அன்று மதியத்திலிருந்து காலாண்டுப் பரீட்சை விடுமுறை, பிள்ளைகள் திரும்பி வருவதற்குள் கமிட்டி கூடிவிடும். திரும்பக் கேட்க வழியில்லை. அவர் மூன்று வருஷத்தை நான் ஒரு குண்டூசியில் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. என் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்.

முதல் படிவத்தில், பொருள்: ஃபேன். எண்ணிக்கை: 2. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் எதற்காக என்பதையும் சத்தமாகப் படித்தார். 'இப்போது இருக்கும் ஃபேன் சத்தத்தில் கடைசி பெஞ்சுக்கு இங்கிலீஷ் கேட்பதில்லை. தமிழ் என்றால் பாதி கேட்டாலே புரிந்துவிடும்.' டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அடுத்தது, பொருள்: லீவு கேட்பது. எண்ணிக்கை: 1. எதற்காக: அப்பாவின் சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியாது, வீட்டில் நான்தான் பேச வேண்டும். எப்போது தேவை: வெள்ளிக்கிழமைக்குள். அதற்கடுத்தது, பொருள்: மன்னிப்பு. எண்ணிக்கை: இரண்டு, மூன்று விதம். எதற்காக: சாரி மட்டும்தான் தெரியும், எல்லாவற்றுக்கும் அது போதவில்லை.

ஒருத்தர், பொருள்: பிசிக்ஸ் கேள்வி என்று எழுதியிருந்தார், கணக்கு தெரிகிறதாம், கேள்விதான் புரியவில்லையாம். ஒருத்தர், பொருள்: பாசிவ் வாய்ஸ், எண்ணிக்கை: 0 என்று போட்டிருந்தார். டீச்சர் அதற்குத்தான் முதலில் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என் இருபத்திரண்டு கேள்வியைக் கேட்டிருந்தா, எல்லாரும் 'எழுதுதல்'னு டிக் அடிச்சுக் குடுத்திருப்பாங்க. நான் அதைத்தானே எதிர்பார்த்தேன்."

"அப்போ திட்ட மாட்டீங்களா டீச்சர்?"

"திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம். கட்டைப் பாதி எடு."

இரண்டு பேரும் பிரித்தோம். போனிலும் நேரிலும் பேச வேண்டும் என்று கேட்டவை ஒரு அடுக்கு. மற்ற பாடப் புத்தகமும் கேள்வித்தாளும் புரிய வேண்டும் என்றவை ஒரு அடுக்கு. விண்ணப்பம், கடிதம், மெயில் எழுத வேண்டும் என்றவை ஒன்று, பாஸானால் போதும் என்றவை ஒன்று. பாட்டுக்கும் படத்துக்கும் விளையாட்டுக்கும் ஒன்று. சாமான் கேட்டவை கடைசியில். ஃபேனை மட்டும் சாமான் அடுக்கில் போட அவர் விடவில்லை. கேட்டல் பிரச்சினை அது என்று முதல் அடுக்கில் வைத்தார்.

என் பாதியில், அடியிலிருந்து நாலாவது படிவத்தில் என் கை நின்றுவிட்டது.

பொருள்: அரை மார்க் குறைக்காமல் இங்கிலீஸ் பேச ஒரு பீரியட். எண்ணிக்கை: 1. எதற்காக: பேசிப் பார்க்க. எப்போது தேவை: டீச்சர் ரிட்டயர் ஆன பிறகு போதும்

அவ்வளவுதான். நீல மை, குட்டி எழுத்து. 'இங்கிலீஸ்' என்று போட்டிருந்தது, கடைசியில் புள்ளிகூட இல்லை. டீச்சர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நான் அந்தத் தாளை மேசை டிராயரில் ஸ்டாம்ப் பேடுக்கு அடியில் தள்ளிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. அன்றைக்கு அவருக்கு வேறு எது வேண்டுமானாலும் நடக்கட்டும், இது வேண்டாம் என்று இருந்தது.

ஆனால் நான் யாரிடம் ஒளிக்கிறேன்? அரை மார்க்கைத் தேடிக் கண்டுபிடிக்கிறவரிடம். ஆறு அடுக்கையும் எண்ணிக் கூட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எழுபத்துமூணு, அம்பத்தெட்டு, முப்பத்தொம்பது, இருபத்தொண்ணு, பன்னெண்டு, ஏழு. இருநூத்துப் பத்துதான் வருது."

யாராவது லீவாக இருந்திருப்பார்கள் என்று உளறினேன். எண்ணி வாங்கியது நீதானே என்று கேட்டுவிட்டு, கையை மட்டும் நீட்டினார். நான் டிராயரைத் திறந்தேன்.

அவர் ஒரு தடவைதான் படித்தார். முகம் மாறவில்லை, காது மட்டும் சிவந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, எழுதின பிள்ளையின் மேல் கோபமாக வந்தது, அந்தக் கோபம் நியாயமில்லை என்றும் தெரிந்தது.

"போதும்னு எழுதியிருக்கு பாரு" என்றார். "கோபமா எழுதல. நான் இருக்கிற வரைக்கும் நடக்காது, காத்திருக்கேன்னு மரியாதையா எழுதியிருக்கு."

"யாருன்னு கண்டுபிடிச்சிடலாம் டீச்சர்."

"எனக்கு எல்லாப் பிள்ளைங்க கையெழுத்தும் தெரியும். பார்த்த உடனே தெரிஞ்சு போச்சு. தெரியாத மாதிரி இருக்கப் போறேன்."

தாளை எழுபத்துமூன்று அடுக்கின் மேல் வைத்து, எழுபத்துநாலு என்று திருத்தி எழுதிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போயிருக்கிறார். இதை எனக்கு இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள், இரண்டும் பொருந்துகிறது. மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, இவ்வளவு தப்பு வைத்துக்கொண்டு எப்படிக் கூசாமல் பேசுகிறீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டாராம். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவை கேட்கிறார். அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே பதில் சொன்னாராம்: "தப்பில்லாம பேசணும்னு நெனச்சிருந்தா நான் இன்னும் கடையே தெறந்திருக்க மாட்டேன்." அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. டீச்சர் எடுத்தார். பதினொரு விநாடி பேசினார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாராம். எதிரில் இருந்தவர் சரி மேடம் என்று வைத்துவிட்டார். ரவிக்கை முதுகெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது என்று டீச்சரும், என்ன சொன்னாளோ தெரியாது, இரண்டு பெட்டி கூடுதலாக வந்து இறங்கிவிட்டது என்று அவருடைய வீட்டுக்காரரும் சொன்னார்கள்.

அதற்கப்புறம் திட்டம் மளமளவென்று உருவாயிற்று. வாரத்தில் ஒரு பீரியட் மற்ற பாடங்களின் கேள்வித்தாளை இங்கிலீஷாகப் படிப்பது. ஒன்று, விண்ணப்பமும் மெயிலும். இலக்கணம் தனியாக இல்லை, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு. திங்கட்கிழமை மூன்றாம் பீரியட் வெறும் பேச்சு, மார்க் கிடையாது, திருத்தம் கிடையாது. இங்கிலீஷில் அடித்த பிரதியை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். முதல் தடவையாக நான் அடித்தது எனக்குப் புரிந்தது.

கமிட்டியில் ஐந்து பேர். குறிப்பு எடுக்க நானும் மூலையில் இருந்தேன். தாளாளர் அடுக்குகளின் எண்ணிக்கையை இரண்டு தடவை படித்தார், அது அவருக்குப் பிடித்திருந்தது. கூரியர் கவுண்டர் குறிப்பும் பிடித்திருந்தது. திங்கட்கிழமையில் வந்து நின்றார். மார்க் இல்லாத பீரியடை எத்தனை பேர் கேட்டார்கள் என்றார்.

டீச்சர் அந்தப் படிவத்தை எடுத்து, 'ரிட்டயர் ஆன பிறகு போதும்' வரைக்கும் முழுசாக வாசித்தார். அறையில் யாரோ இருமினார்கள்.

"ஒருத்தர்தானா?" என்றார் தாளாளர்.

"ஒருத்தர்தான் எழுதினாங்க சார். மத்தவங்க எழுதல."

தாளாளர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், ஒரே ஒரு வகுப்பு, ஒரே ஒரு பருவம் என்றார். முடியும்போது தேவை பூர்த்தியானதற்கு எழுத்தில் அத்தாட்சி வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனி. எந்த வகுப்பு என்று கேட்டதும் டீச்சர் யோசிக்காமல் பதினொன்று என்றார். எழுதிய பிள்ளை எந்த வகுப்பு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பள்ளி திறந்த அன்று அந்தப் படிவம் பதினோராம் வகுப்பு அறிவிப்புப் பலகையில் இருந்தது. 'டீச்சர் ரிட்டயர் ஆன பிறகு போதும்' என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே 'வரும் திங்கள், மூன்றாம் பீரியட்' என்று எழுதியிருந்தார். இங்கிலீஸ் இங்கிலீஸாகவே இருந்தது. புள்ளி வைக்கவில்லை. பெற்றுக்கொண்டவர் கையொப்பம் காலியாக இருந்தது. கையெழுத்துப் போடு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, யார் எழுதியது என்று கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை மூன்றாம் மணி அடித்ததும் ஆபீசுக்கு வந்து இரண்டு சிவப்புப் பேனாவையும் என் மேசையில் வைத்தார். கையில் இருந்தால் கை சும்மா இருக்காது, பீரியட் முடியும்வரை பார்த்துக்கொள் என்றார். பதினோராம் வகுப்பு ஆபீசுக்கு அடுத்த சுவர். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தமே இல்லை. நாற்பது நிமிஷமும் படிவத்தில் கேட்டபடி மாட்டிய புது ஃபேன் ஓடுகிற சத்தம்தான், அதுவும் சத்தமில்லாத ஃபேன். அடுத்த திங்களும் அப்படித்தான். மூன்றாவது திங்கள், பிள்ளைகள் பேசாததால் அவரே பேசினார். போன அரை மார்க்கைப் பற்றி, லாரி ஆபீசைப் பற்றி, அடிக்கிற போனைப் பற்றி. நடுவில் ஏதோ தப்பாகச் சொல்லியிருக்கிறார், வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது. பின் பெஞ்சில் யாரோ தாங்கமாட்டாமல் களுக்கென்று சிரிக்க, அதற்கப்புறம் டீச்சர் சிரிக்கிற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. அடுத்த வாரத்திலிருந்து சந்தைக்கடைதான். யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும், ஆனால் பேசினார்கள்.

எல்லோரும் பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஐந்தாறு பேர் கடைசிவரை தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். டீச்சரும் ஒரு திங்கட்கிழமை வாய் தவறி ஒருத்தியைத் திருத்திவிட்டு, அன்றைக்கெல்லாம் நொந்துகொண்டிருந்தார்.

பருவம் முடிகிற வாரம் வந்தது. வியாழக்கிழமை கமிட்டி. கையொப்பக் கட்டம் காலியாகவே கிடந்தது. டீச்சர் அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பார், நானும் பார்ப்பேன், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டோம். மற்ற வழியில் அத்தாட்சி தேடலாமே, எல்லோரிடமும் நன்றாக இருந்தது என்று எழுதி வாங்கலாமே என்று நான் கேட்டேன். கேட்டு வாங்கினால் அது அத்தாட்சி இல்லை, தயவு என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை கடைசி மணி அடித்தபிறகு வருகைப் பதிவேடு எடுக்க அந்த வகுப்புக்குப் போனேன். கட்டத்தில் எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை. பென்சிலால், அதே குட்டி எழுத்தில், ½.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழி ரப்பர் கிடைத்திருந்தால் அழித்திருப்பேன். ஒரு பருவம் முழுக்க ஒரு மனுஷி தன்னைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார், அதற்கு அரையா? கீழே இருக்கும் இரண்டின் மேல் ஒரு கோடு இழுத்தால் ஒன்றாக்கிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஸ்டாம்ப் பேடு ஞாபகம் வந்தது. குண்டூசியைக் கழற்றித் தாளை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன்.

பார்த்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

"முழுசாப் போட்டிருந்தா, பாவம்னு போட்டிருக்குன்னு நெனச்சிருப்பேன்" என்றார். "இது சரியான மதிப்பீடும்மா. பாதிதான் குடுத்தேன்."

"இதைக் கமிட்டில வச்சா என்ன ஆகும் டீச்சர்?"

"என்ன ஆகுமோ ஆகட்டும். இதைத்தான் வைப்பேன்."

மறுநாள் வைத்தார். கம்பெனி ஆளும் லேப்டாப்போடு வெளியே பெஞ்சில் காத்திருந்தார். தாளாளர் படிவத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"அரையா?"

"அரைதான் சார். மீதி அரை பாக்கி இருக்கு. அதுக்கு இன்னும் டைம் வேணும்."

தாளாளர் படிவத்தை மேசையில் வைத்தார். தன் பள்ளியில் இவ்வளவு வருஷத்தில் எத்தனையோ தேவைப் படிவம் பார்த்திருக்கிறார், சாமானே வராமல் முழுசாகக் கையெழுத்துப் போட்ட படிவங்களும் அதில் உண்டு, அது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். பேனாவைத் திறந்தார். மூன்று வகுப்புக்கும், முழு வருஷத்துக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனி ஆளுக்கு டீ கொடுத்து அனுப்பச் சொன்னார்.

வெளியே வந்ததும் எனக்கு நிலைகொள்ளவில்லை. அன்றைக்கு அரை மார்க்கில் போன சீட்டு இன்றைக்கு அரை மார்க்கில் நின்றுவிட்டது பார்த்தீர்களா என்று டீச்சரிடம் சொன்னேன். நல்லதாக ஒன்று சொல்லிவிட்ட திருப்தி எனக்கு.

"அது மார்க் இல்லம்மா" என்று திருத்தினார். "ரசீது."

பிறகு ஆபீசுக்கு வந்து, காலித் தேவைப் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். பிரிவு: ஆங்கிலம் என்று அவரே எழுதி, என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். பொருள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அடிக்கிற கடிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்று எழுதினேன். எப்போது தேவை என்பதில் வரும் திங்கள் என்று போட்டேன். கடைசியில் புள்ளி வைத்தேனா என்று ஞாபகமில்லை.